முப்பத்தெட்டாவது ஆள்

— அந்தத் திரைய விடுங்க. பத்து தடவை எட்டிப் பாத்தாச்சு. தெருவுல சேறும் பன்னியும்தான் இருக்கு.

— சபைக் காவலன் ஹாக்கின்ஸ் குதிரை ஏறிட்டானாம், விடுதிக்காரம்மா சொன்னா. வராத உறுப்பினர் எங்க இருந்தாலும் பிடிச்சுட்டு வரச்சொல்லி சபாநாயகர் உத்தரவு. லவீனா, நான் எங்கேன்னு கேட்டா என்ன சொல்லுவே?

— என் வீட்டுக்காரர், மாண்புமிகு ஆம்ப்ரோஸ் டட்டில், மாடியில கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல நடை பழகுறாருன்னு சொல்லவா?

— கேலி பண்ணாத. சபைக்குள்ள முப்பத்தேழு பேர் உக்காந்திருக்காங்க. முப்பத்தெட்டு இருந்தாத்தான் ஓட்டெடுப்பு. மத்தியானம் பன்னெண்டு மணி அடிச்சா இந்தக் கூட்டத்தொடரே முடிஞ்சுது, மசோதாவும் செத்துது. இன்னும் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிச்சா போதும்.

— அந்த மசோதாவ எழுதினதே நீங்கதானே?

— எழுதினது போன வருஷம். அது வேற, இது வேற.

— சரிதான் வக்கீலய்யா. பொண்டாட்டி கொண்டுவந்த நிலம் பொண்டாட்டிக்கே சொந்தம்னு ஊர் ஊரா பேசினீங்க. மெதடிஸ்ட் கோயில்ல பொம்பளைங்க கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. நானும்தான்.

— அவங்க வீட்டு ஆம்பளைங்க எனக்கு ஓட்டுப் போட்டாங்கல்ல?

— ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்களுக்கும் பொருந்தும்னு ஒரு வரி வேற சேத்தீங்க. அத யாரும் கேக்கல.

— அங்கதான் சறுக்கிட்டேன். எழுதற சூட்டுல வந்துடுச்சு. படிச்சா கம்பீரமா இருந்துது.

— இப்ப அது என்ன பண்ணுது உங்கள?

— சட்டப்படி பாத்தா, நீ கொண்டுவந்த உங்கப்பாவோட வாபாஷ் ஆத்தங்கரைத் தோப்பு இன்னிக்கு என் பேர்ல இருக்கு. திங்கக்கிழமை ரயில் கம்பெனிக்காரங்க கையெழுத்துக்கு வராங்க. நிலம் அவங்களுக்கு, அவங்க ஆளுங்க ஓட்டு எனக்கு. அடுத்த தேர்தல்ல நான் வாஷிங்டன். மசோதா பாஸாயிட்டா உன் கையெழுத்து வேணும்.

— என்கிட்ட கேட்டிருக்கலாமே.

— நீ மாட்டேம்பே.

— ஆமா, மாட்டேன்தான். எழுபது ஆப்பிள் மரம் அப்பா தன் கையால நட்டது. எங்கம்மா அங்க இருக்கா. நம்ம சாமுவேல் அங்க இருக்கான். அவனுக்கு ரெண்டு வயசு கூட ஆகல.

— கல்லறைய மாத்தி வச்சுக்கலாம். கம்பெனி செலவுல. ஏன் அப்படிப் பாக்குற?

— கிழிஞ்ச கோட்டோட எங்க வீட்டுக்கு வந்தீங்க. எங்கப்பா சட்டப் புஸ்தகம் வாங்கிக் குடுத்தாரு. அந்தத் தோப்புலதான் படிச்சீங்க. நான் கேள்வி கேப்பேன், நீங்க பதில் சொல்லுவீங்க. அதத்தான் நெனச்சுக்கிட்டேன்.

— பழங்கதை எதுக்கு இப்ப? என் நிலைமையப் பாரு. நானே எழுதினதுக்கு நானே எந்திரிச்சு வேணாம்னா, நாளைக்குப் பத்திரிகைக்காரன் என்னைய உரிச்சுத் தொங்க விட்டுடுவான். வேணும்னு சொன்னா ரயில்காரன் கைவிட்டுப் போயிடுவான். அதான் ஜுரம்னு சொல்லி அனுப்பிட்டேன்.

— ஒரு சந்தேகம் வக்கீலய்யா. உள்ள போயிட்டு, ஓட்டுப் போடாம சும்மா உக்காந்துக்கிட முடியாதா?

— முடியாது. பேர் கூப்பிட்டா எந்திரிச்சு, சபை முழுக்கக் கேக்கற மாதிரி ஆமாம்னோ இல்லைன்னோ சொல்லியாகணும். மேல மாடத்துல வேடிக்கை பாக்க வந்தவங்களுக்குக் கூடக் கேக்கும்.

— பொம்பளைங்களையும் மேல விடுவாங்களா?

— விடுவாங்க. இதெல்லாம் இப்ப எதுக்குக் கேக்குற?

— சும்மாதான்.

— இரு, குதிரை நிக்குது. யாரோ படியேறி வரான். கதவத் தாழ் போடு. லவீனா, சொல்றேன்ல, தாழ் போடு.

— உள்ள வாங்க, மிஸ்டர் ஹாக்கின்ஸ். காலையில நான் குடுத்தனுப்பின சீட்டு கிடைச்சுதா? இவருக்கு ஜுரமெல்லாம் இல்ல, நல்லாத்தான் இருக்காரு, கூட்டிட்டுப் போங்க. ஒரு நிமிஷம் நின்னீங்கன்னா நானும் தொப்பி போட்டுக்கிட்டு வந்துடுவேன், இவர் என்ன சொல்றாருன்னு மேல உக்காந்து என் காதால கேக்கணும்.