அண்ணனின் எடை

மழை நாளில் ஏலக்காய் வாங்காதீர்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வேன். காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக் காய் கனத்துவிடும். காசைக் கொடுத்துத் தண்ணீரை வாங்கிப் போவீர்கள். என் பெயர் திருப்பதி, ஐயா. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் இருபத்தாறு வருஷமாக எடை போடுகிறேன். நான் போட்ட எடையை யாரும் திரும்பப் போடச் சொன்னதில்லை. எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

அழகுமலை என் கூடப்பிறந்த அண்ணன். குரங்கணிக்கு மேலே எஸ்டேட்டில் கங்காணியாக இருந்தவர். என்னையும் தங்கை பொன்னுமணியையும் ஆளாக்குவதிலேயே வயது போய்விட்டது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி இறந்தபின் நாங்கள் இருவரும்தான் வீட்டில். எண்பத்தொரு வயதில் அவருக்கு வேட்டி இடுப்பில் நிற்காமல் போயிற்று. மறதி அதற்கப்புறம்தான் தெரிந்தது. எண்பத்துமூன்று வயதில் நான் யாரென்று தெரியவில்லை, ஆனால் கால் மட்டும் ஓயவில்லை. விடிந்தது முதல் சுவருக்குச் சுவர் நடப்பார். கதவு திறந்திருந்தால் குரங்கணி ரோட்டில் போய்க்கொண்டிருப்பார். அவர் நடக்க நடக்க என்னாலும் உட்கார முடியாது.

சோற்றில் நான் குறை வைக்கவில்லை. காலையில் ஆறு இட்லி, இரண்டு முட்டை. மத்தியானம் நெய் ஊற்றிப் பருப்புச் சோறு. எல்லாம் தின்று கை கழுவிவிட்டு வாசலில் நின்று, போகிறவர்களிடம், "ஒரு வாய் சோறு போட மாட்டேங்கிறாங்க அப்பு" என்பார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

டாக்டர் தெளிவாகச் சொன்னார். இந்த நோயில் தின்றாலும் உடம்பு தேயும், மறதிக்கு முன்பே தேயத் தொடங்கிவிடும், உங்கள் மேல் தப்பில்லை என்றார். அதைப் பொன்னுமணியிடம் சொன்னால் சாக்கு என்பாள். பொட்டிபுரத்திலிருந்து வந்தவள் தெருவே கேட்கும்படி பேசினாள்.

"சின்னண்ணே, பெரியண்ணனுக்கு நெஞ்செலும்பை எண்ணிரலாம் போல இருக்கு. நீ கஞ்சி ஊத்துறியா, இல்ல பூட்டிப் போட்டுட்டுச் சோலிக்குப் போயிர்றியா? என்கூட அனுப்பு, நான் பாத்துக்கிறேன்."

அனுப்பியிருக்கலாம். அவள் வீட்டில் பசு உண்டு, பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு. ஆனால் அனுப்பினால் அவள் சொன்னது உண்மை என்றாகிவிடும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கடைக்கு வா, உன் கண் முன்னால் நிறுத்துக் காட்டுகிறேன், ஒரு கிலோ குறைந்தாலும் கூட்டிப் போ என்றேன்.

அன்றே அவள் பார்க்க, மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் அண்ணன் நாற்பத்தேழு கிலோ இருந்தார். அடுத்த பத்து நாளில் ஒன்றரை கிலோ இறங்கிவிட்டது.

அதன்பிறகு கஞ்சியில் உப்பை அள்ளிப் போட்டேன். கருப்பட்டி கலந்துவிட்டால் எதையும் குடிப்பார். அந்த நோய்க்கு இனிப்பென்றால் உயிர். தாகத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். நடந்தால் அந்தத் தண்ணீர் வேர்த்துப் போய்விடும் என்று துண்டால் கட்டிலோடு கட்டினேன். முடிச்சைத் தளர்வாகத்தான் போட்டேன்.

வெள்ளிக்கிழமை நாற்பத்தொன்பது. அடுத்த மாதம் ஐம்பத்துமூன்று. முகம் பூரித்திருந்தது. பொன்னுமணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தப்பாப் பேசிட்டேன் சின்னண்ணே, மனசுல வச்சுக்காதே" என்றாள். டீக்கடையில் இரண்டு பேர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். அப்படியொரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை.

அண்ணன் காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்தபடியே இருந்தது. படுக்க முடியாமல் மூச்சுக்குத் தவித்தார். டாக்டரை அழைத்து வந்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். உடம்பெல்லாம் நீர், இதயம் தாங்கவில்லை, உப்பை அடியோடு நிறுத்துங்கள் என்று சொல்லி, நீர் பிரிய மாத்திரை கொடுத்தார். இரண்டு நாள் கொடுத்தேன். நன்றாகத் தூங்கினார். மூன்றாம் நாள் காலையில் என் முகத்தைப் பார்த்து, "திருப்பதி, சாப்பிட்டியாப்பா?" என்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு என் பெயரைச் சொன்னார்.

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் கடைக்குக் கூட்டிப்போய் நிறுத்தேன். நான்கு கிலோ இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு நான்கே நாள்.

மீதி மாத்திரைகளைச் சாக்கடையில் போட்டேன். மறுபடியும் உப்புக் கஞ்சி. அவர் வாயைத் திறக்கவில்லை. மூக்கைப் பிடித்து ஊற்றினேன். புதன்கிழமை சாயங்காலம் போய்விட்டார். நான்தான் செய்தேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பட்டினி போட்டேன் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள்.

மறுநாள் வாசலில் பாடையைத் தூக்கியபோது முன்னால் நின்ற பால்பாண்டி தோளை மாற்றிக்கொண்டு, "என்னப்பா இது, இந்தக் கனம் கனக்குது" என்றான். பொன்னுமணி காதில் அது விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன்.