பாதி விலைக் குரல்

— தூசி ஏதாவது அடைச்சிருக்கும் தம்பி, தொடைச்சுக் குடுத்தா போதும். நல்லா பேசிக்கிட்டிருந்த கம்ப்யூட்டர் திடுதிப்புன்னு ஊமையாயிடுமா?

— மெஷின்ல ஒரு கோளாறும் இல்லக்கா. உங்க வீட்டுக்காரரு டைப் அடிச்சா அவர் குரல்ல பேசுமே, அந்த சாஃப்ட்வேரைத்தான் கம்பெனியில பூட்டிட்டாங்க. இதை எங்க வாங்குனீங்க?

— கடையிலதான்.

— எந்தக் கடையில?

— கடைன்னா… ஆன்லைன்ல ஒருத்தரு. கம்பெனி விலையில பாதிக்கும் கீழ குடுத்தாரு. விடுவேனா நான்? சொன்ன விலைக்கு ஒரு கீரைக்கட்டு வாங்கினதில்ல, பாத்துக்கோ. துணிக்கடையில வேலை பாக்கறவளுக்குத் தெரியாதா, எல்லா விலையிலயும் காத்து அடைச்சுத்தான் வெச்சிருப்பாங்கன்னு.

— உங்க பேர்ல பதிவு பண்ணிக் குடுத்தாரா?

— ஏதோ ஒரு பேரும் பாஸ்வேர்டும் அனுப்பினாரு. எதையும் மாத்தாதீங்க, அப்படியே இருக்கட்டும்னாரு. நானும் சரின்னுட்டேன்.

— அங்கதான்க்கா கோட்டை விட்டுட்டீங்க. இது யாரோ ஒரு காலேஜோட கணக்கு. பேச முடியாத பசங்களுக்காக அவங்க வாங்கினதை இந்த ஆளு கூறு போட்டு வித்திருக்கான். விஷயம் வெளிய வந்ததும் மொத்தக் கணக்கையும் மூடிட்டாங்க.

— மூடட்டுமே. இந்தத் தடவை கம்பெனியிலயே முழு விலை குடுத்து வாங்கிடறேன்.

— சாஃப்ட்வேரை வாங்கிடலாம்க்கா. அண்ணன் பதிஞ்ச குரல் அந்தக் கணக்குக்குள்ளதானே மாட்டியிருக்கு. ரெக்கார்டிங் தனியா இருக்கா? போன்லயாவது?

— போன்ல இடமில்லன்னு அழிச்சுட்டேன். அதான் ஏத்தியாச்சேன்னு நெனச்சேன். ஆபரேஷனுக்கு முன்னாடி தொண்டை வலியோட உக்காந்து ஒவ்வொரு வரியாப் படிச்சாரு தம்பி. மண்டியில தக்காளி ஏலம் விடற மனுஷன்ல? மழை வரும் போலிருக்குன்னு படிக்கச் சொன்னா, அதையும் ஏலம் விடற மாதிரியே கத்துவாரு. மெதுவாய்யா, பக்கத்து வீட்டுக்காரன் விலை கேட்டு வந்துடுவான்னு நான் சிரிப்பேன். குரல்வளையை எடுக்கப் போறாங்கன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். அதை மட்டும் பேசிக்கவே இல்ல.

— வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காரே, அவருக்கு இது தெரியுமா?

— சின்ன ரிப்பேருன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். நீயும் அப்படியே சொல்லிடுப்பா.

— சொல்லிடறேன். ஆனா இது சரியாகற வரைக்கும் டைப் அடிச்சுக் காட்டியே சமாளிக்கலாமேக்கா?

— எனக்குக் காட்டலாம், உனக்குக் காட்டலாம். மகளுக்கு? அவ எங்கயோ தூரத்துல இருக்கா, நிறைமாசம். நாங்க வேண்டாம்னு சொன்ன பையனைக் கட்டிக்கிட்டான்னு இவரு பேச்சையே விட்டாரு. பேரப்பிள்ளை வருதுன்னதும்தான் வீம்பை விட்டு எறங்கினாரு. அந்த நேரம் பாத்து இந்த நோய் வந்துச்சு.

— ஆபரேஷன் பண்ணது அவங்களுக்குத் தெரியாதா?

— பிரஷர் ஏறக் கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சு சொல்லியிருக்காரு. பிரசவம் முடியட்டும்னு மறைச்சோம். தினம் சாயங்காலம் இவரு டைப் அடிப்பாரு, சாப்பிட்டியா பாப்பான்னு இவரு குரல்லயே அது கேக்கும். என்னப்பா, அம்மா உங்களை அடக்கிட்டாங்களா, இவ்வளவு நிதானமாப் பேசறீங்கன்னு அவ கிண்டல் பண்ணுவா.

— இப்ப என்ன சொல்லிச் சமாளிக்கறீங்க?

— குளிக்கறாரு, வெளிய போயிருக்காரு. எத்தனை வாட்டி குளிப்பாரு ஒரு மனுஷன்? நேத்து அழுதுட்டா தம்பி. அப்பா மறுபடியும் பேச மாட்டேங்கறாரே, இப்ப நான் என்ன தப்பு பண்ணேன்னு கேக்கறா. இவரு பக்கத்துலதான் நின்னாரு. வாயைத் திறந்து திறந்து மூடினாரு. என்னால பாக்க முடியல. பெத்த புள்ளைகிட்ட பேசற குரலை, மலிவாக் கெடைக்குதுன்னு வாங்கினவ நான்தானே.

— இருங்கக்கா, கம்பெனியிலயே கேட்டுப் பாக்கறேன்… ஹலோ, வணக்கம் மேடம். ஆமா, மூடின கணக்குதான்… இல்ல, இவங்க ஏமாந்து வாங்கினது… அப்படியா மேடம்?… எல்லாருக்கும் இதே விதிதானா? வேற வழியே இல்லீங்களா?… சரி, சொல்றேன்.

— அழிச்சுட்டாங்களா?

— இல்லக்கா. குரல் பத்திரமா இருக்காம்.

— அப்பாடா. என்ன கேட்டாலும் குடுத்துடறேன்னு சொல்லு. ஒரு வார்த்தை பேரம் பேச மாட்டேன்.

— காசு எதுவும் கேக்கல. கணக்கு வேற பேர்ல இருக்கறதால, இது அவரோட குரல்தான்னு அவங்களுக்கு உறுதியாத் தெரியணுமாம்.

— அவ்வளவுதானே? ஆளே வெளிய இருக்காரு. கூப்பிடறேன் இரு, எதுல வேணாலும் கையெழுத்துப் போடுவாரு.

— கையெழுத்து இல்லக்கா. அவங்க சொல்ற ஒரு வரியை, அண்ணன் தன் வாயால போன்ல படிச்சுக் காட்டணுமாம்.