படலத்துக்குப் பின்னால் இருந்த காற்று

தேநீரை நான் ஆறவிட்டுத்தான் குடிப்பேன். நீங்கள் கொடுத்ததில் குறை ஒன்றுமில்லை.

விசாரணைக்குக் கூப்பிட்டு, கருவியைப் பற்றிக் கேட்டீர்கள். முடி போன்ற கண்ணாடி இழை. நுனியில் சின்னக் குழி. குழிக்குள் காற்று. அதை மூடியிருப்பது கிராஃபீன் என்ற கரிப் படலம். ஓர் அணுவின் தடிமன்தான். சூடேறினால் காற்று விரியும், படலம் புடைக்கும். இழை வழியே போகும் ஒளி அதில் பட்டுத் திரும்பி, உடம்புக்குள் எவ்வளவு சூடு என்று சொல்லும்.

அக்காவின் தொடையில் கட்டி. சூடேற்றி அழிக்கும் சிகிச்சை. என் கருவியை வைத்துப் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தோம். அவளே முன்வந்தாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள்.

முதல் முறை, பாதியில் கூப்பிட்டாள்.

“டேய், எரியுதுடா.”

“நாப்பத்தி மூணு டிகிரிதான்க்கா காட்டுது.”

“உன் பொட்டி சொல்றது நிஜம், நான் சொல்றது பொய்யா?”

“பொட்டிக்கு பயம் கிடையாதுக்கா.”

சிரித்தாள். “படிச்சவன் சொல்ற. சரி.”

டாக்டர் நிறுத்திவிட்டார். நோயாளி எரிகிறது என்றால் நிறுத்துவது அவர்கள் வழக்கம். அவள் அசைந்ததில் இழை ஆடிவிட்டது, அடுத்த முறை மயக்க மருந்து கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கொடுத்தார்கள்.

அந்த இரண்டாம் முறைக்கு முன், அன்று காலை வெந்நீரில் சோதித்தபோது கருவி சூட்டைக் குறைத்துக் காட்டியது. படலத்தின் ஓரத்தில் காற்றுக் கசிவு. நான் செய்த மற்றக் கருவிகளில் படலம் கிழிந்துபோயிருந்தது. தேறியது இது ஒன்றுதான். குறைவதைக் கணக்கில் கூட்டிக்கொண்டேன். சூட்டில் கசிவு பெருகும் என்பது எனக்குத் தெரியும். என் ஆய்வேட்டில் அதற்கு ஓர் அத்தியாயமே உண்டு.

அக்கா தூங்கினாள். திரையில் சூட்டைக் காட்டும் கோடு நேராக ஓடியது. காற்று வெளியேற வெளியேறக் கருவி குறைத்துக் காட்டும். கருவி சொல்வதை வைத்து ஓடும் சிகிச்சை இயந்திரம், அதை ஈடுகட்ட இன்னும் சூடேற்றும். கோடு மட்டும் அசையாது. இயந்திரம் இழுக்கும் மின்சாரம் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்தேன்.

“எல்லாம் சரிதானே?” என்றார் டாக்டர்.

“சரிதான் சார்.”

கருகும் வாடையை முதலில் உணர்ந்தது நர்ஸ். அதற்குள் தொடையின் பெரிய ரத்தக்குழாய் வெந்துவிட்டிருந்தது. மறுநாள் அக்கா இறந்துவிட்டாள்.

துக்கமில்லையா என்று கேட்கிறீர்கள். அவள் செருப்பு இன்னும் அந்த அறை வாசலில்தான் கிடக்கும். போய் எடுக்கக் கால் வரவில்லை.

நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தக் கருவியை அதன் பிறகு யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அக்கா ஒருத்திதான் நம்பினாள். அவளை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.