அஞ்சு நிமிஷம், அத்தான்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கூட்டத்தை விழித்திருக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை, ஐயா. வயிறு நிறைந்திருக்கும், ஏசி ஓடும், மேடையில் யாரோ விற்பனை வளர்ச்சியைப் பற்றி இழுத்துக்கொண்டிருப்பார். தலைகள் ஒவ்வொன்றாகச் சாயும். அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். நிறுவனக் கூட்டங்களில் தூங்குமூஞ்சிகளை எழுப்பி ஆட வைப்பதுதான் என் பிழைப்பு.

பாட்டு ஓடும்போது எல்லாரும் குதிக்க வேண்டும். நின்றால் சிலையாகிவிட வேண்டும். யாராவது உட்கார்ந்தால் மேடைக்கு அழைத்து, மற்றவர்களைக் கைதட்டச் சொல்வேன். அத்தனை கைதட்டலுக்கு முன்னால் முடியாது என்று சொல்லும் துணிவு யாருக்கும் வராது. ஒருவரை உட்கார விட்டால் பத்துப் பேர் உட்காருவார்கள், அப்புறம் அரங்கு கையை விட்டுப் போய்விடும்.

அன்று நடந்தது தண்ணீர் பம்பு விற்கும் நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டம். என் அக்காவின் கணவர் அங்கே விற்பனைப் பிரதிநிதி. மேலாளரிடம் கெஞ்சி அந்த வாய்ப்பை எனக்கு வாங்கித் தந்ததே அத்தான்தான். நன்றாக அமைந்தால் எல்லாக் கிளைகளின் கூட்டங்களும் எனக்கு. வேலையில்லாமல் அவர்கள் வீட்டில் தண்டச்சோறு தின்ற காலத்தில் முகம் கோணாத மனிதர். எனக்கு அவர் மேல் உயிர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காலையில் அக்கா போனில் சொன்னாள்: "ராத்திரி பூரா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாருடா. லீவு போடுங்கன்னா, மச்சான் நிகழ்ச்சிக்கு நான் இல்லாமலான்னு கெளம்பிட்டாரு. கொஞ்சம் பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாவது பாட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சொந்தக்காரர் என்று விட்டால் மேலாளர் என்ன நினைப்பார்? மேடைக்கு அழைத்தேன். அரங்கே கைதட்டியது. ஏறி வந்தவர், மைக்குக்கு எட்டாமல், "முடியல மச்சான், விட்டுடு" என்றார். "ஒரே பாட்டு, அத்தான்" என்றேன். எனக்காகக் குதித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பாட்டை நிறுத்தினேன். எல்லாரும் சிலையானார்கள். அத்தான் மட்டும் விழுந்தார்.

முன்வரிசையில் சிரிப்பு அடங்கியது. ஒருவர் மேடைப் பக்கம் வரப் பார்த்தார். இதோடு எல்லாம் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் என் குரல் பதறவில்லை. "பாத்தீங்களா, நம்மாளு என்னமா நடிக்கிறாரு. எல்லாரும் அவரை மாதிரியே படுங்க. கண்ணை மூடுங்க. மூச்சை மெதுவா விடுங்க." விளக்கைக் குறைக்கச் சொன்னேன். அரங்கு முழுக்கப் படுத்தது. நான் நடத்திய எந்தக் கூட்டமும் அவ்வளவு சொன்னபடி கேட்டதில்லை.

மைக்கை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண் திறந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அஞ்சு நிமிஷம், அத்தான். டீ இடைவேளை விட்டதும் சத்தமில்லாம கூட்டிட்டுப் போயிடுறேன்" என்றேன். சரி என்று தலையசைத்ததாகத்தான் எனக்குப் பட்டது. பிடி தளர்ந்ததும் எனக்குத் தெரிந்தது. மைக்கை மறுபடி போட்டு, "இன்னும் ஆழமா மூச்சை இழுங்க" என்றேன்.

மேடைக்குக் கீழேயே படுத்திருந்தவர் அந்த நிறுவனத்தின் முதலுதவிப் பொறுப்பாளர் என்று பிறகுதான் சொன்னார்கள். கண்ணை மூடச் சொன்னேன், மூடியிருந்தார்.

விழுந்ததுமே ஆம்புலன்சைக் கூப்பிட்டோம் என்று முன்பு உங்களிடம் சொன்னது பொய். "கடைசியா ஏதாவது சொன்னாராடா?" என்று அக்கா கேட்டபோது, "சிரிச்சுக்கிட்டே இருந்தாருக்கா" என்றதும் பொய். அவள் அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுகிறாள். எனக்கும் தாங்கவில்லை ஐயா. என்னைப் பெற்றவர் போனபோதுகூட இப்படி அழுததில்லை.

அவர் சாகிறார் என்று தெரிந்தேதான், ஒருவரையும் கிட்டே வரவிடாமல் வைத்திருந்தேன். ஆனால் கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். இந்நேரம் அத்தான் இருந்திருந்தால், எனக்காக உங்களிடம் வந்து பேசியிருப்பார்.