சீப்பு கனமா கீது

கோவளத்திலிருந்து தாம்பரம் வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் மீன் விற்கும் பெண்கள் இருவர். இளையவள் சொன்னாள்:

“அக்கா, சீப்பு கனமா கீது.”

மற்றவள் சிரித்தாள். “தங்கத்துல வாங்கிக்கினியா?”

“கிண்டல் பண்ணாத. தல வாரக் கைய தூக்குனா நிக்க மாட்டேங்குது. நேத்து குந்தி மீன் வெட்டினேன், எழுந்துக்க முடியல.”

“வலிக்குதா?”

“வலியே இல்ல. அசதி, தூங்குனா சரியாப்பூடும்னு எங்க வூட்டுக்காரரு சொல்றாரு.”

“தூங்குனியே, போச்சா?”

“ரெண்டு மாசமா போவல.”

“அப்ப அது அசதி இல்ல. என் தங்கச்சிக்கும் இப்டித்தான் இருந்துச்சி. ரத்தம் டெஸ்ட் பண்ணி மாத்திர குடுத்தாங்க. இப்ப கூடைய அவளே தூக்குறா. சோறு முழுங்க, மூச்சு வுட கஷ்டமா கீதா?”

“அதெல்லாம் இல்ல.”

“இருந்தா ஒரு நிமிஷம் நிக்காம ஓடணும். இல்லாட்டியும் இன்னிக்கே காட்டிடு. ஆஸ்பத்திரில எறங்கு, நானும் வரேன்.”

“மீனு?”

“அது ஐஸ்ல தூங்கும்.”

போன மாதம் என் மனைவி தன் நீண்ட கூந்தலைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாள். வாரக் கை எழவில்லை என்றாள். ஓய்வுபெற்ற ஆசிரியனான நான், சோம்பலுக்கு ஒரு சாக்கு என்று கேலி செய்தேன்.

அவர்கள் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கியபோது நானும் இறங்கினேன். அங்கே புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் நேரத்தை விசாரித்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தேன்.

“நாளைக்கு உன் கையைக் காட்டலாம். உன்னைக் கேலி பண்ணினது தப்பு.”



“அப்போ முடிய மறுபடி வளத்துக்கலாமா?” என்று கேட்டாள்.