பல்வலிக்கு மட்டும் அனுமதி

— இன்னும் கொஞ்சம் பெருசா திறங்க. ம்... எங்க வலிக்குது?

— ஆ... ஆ...

— இங்கயா?

— ம்ஹூம்.

— இப்போ தட்டுறேன். இதுவா?

— ம்ம்... ம்ம்ம்.

— போன தடவை இடது பக்கம்னு சொன்னீங்க. இன்னைக்கு வலது பக்கமா? நல்லா ஊர் சுத்துற வலியா இருக்கே.

— ஆஆ...

— சரி சரி, கையை எடுத்துட்டேன். சொல்லுங்க.

— குட்டி... கதவு சாத்தியிருக்கா?

— அட, குட்டியா! போன தடவை ‘டாக்டரம்மா’ன்னு கூப்பிட்டுட்டு, கூடப் பொறந்தவளை யாரோ மாதிரி பாத்துட்டுப் போனியே!

— மெதுவாப் பேசு. வெளிய பெரிய மூப்பர் உக்காந்திருக்கார். அந்த மெஷினை ஓட விடு.

— எதுக்கு? உன் பல்லுல ஒரு சொத்தை கூட இல்லையே.

— சும்மா ஓட்டு. சத்தம் வேணும்.

— இந்தா... போதுமா?

— இன்னும் கொஞ்சம்... ம், இது போதும்.

— அண்ணா, நீ சபைக்கு மூப்பர். தங்கச்சியைப் பாக்கப் பல்வலின்னு பொய் சொல்லிட்டு வந்திருக்க.

— பொய் இல்ல. நெசமாவே பல்லு கூசுது.

— எப்போலேருந்து?

— காலைலேருந்து.

— என்ன பண்ணின?

— ஐஸ் கட்டியைக் கடிச்சேன்.

— இங்க வர்றதுக்காகவா?

— வலியே இல்லாம வந்தா பொய்யாயிடும்ல... சிரிக்காத குட்டி! சபையை விட்டு விலக்கி வச்சவங்ககிட்ட தொழில் விஷயமாப் பேசலாம். வேற எதுவும் கூடாது. பல்லு தொழில் விஷயம்தானே?

— அது நம்ம சபைப் புத்தகத்துல எங்க இருக்கு?

— புத்தகத்துல இல்ல.

— விலக்கினவ கூட ஒரே மேசைல சாப்பிடக் கூடாதுங்கிறது?

— அதுவும் இல்ல. வழக்கம்.

— மூப்பருங்க தனியா வரக் கூடாது, ரெண்டு பேரா வந்து ஒருத்தர் மேல ஒருத்தர் கண்ணு வச்சுக்கணும்கிறது?

— அதுவும்தான்...

— இவ்வளவு முக்கியமானதை ஏன் ஒருத்தரும் எழுதி வைக்கலை?

— எழுதினா... ஏன்னு கேப்பாங்க.

— நல்லா சொன்னே. சரி, விஷயத்துக்கு வா. ஐஸைக் கடிச்சுட்டு வந்தது என்னத்துக்கு?

— பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு.

— தெரியும்.

— யார் சொன்னா?

— கல்யாணப் பொண்ணே சொன்னா.

— அவ உன்கிட்ட பேசுறாளா! எப்படி?

— அவளுக்கும் பல்வலி.

— கழுதை... அப்போ மீதியையும் சொல்லியிருப்பாளே.

— அத்தை வரலைன்னா மேடையே ஏற மாட்டேன்னு சொன்னா. நான் திட்டினேன். ஆனா உள்ளுக்குள்ள ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

— அதுக்குத்தான் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். நடுவுல பேசாம கேளு.

— வாயில கையை விடுறது நானு. பேசாம இருக்கச் சொல்றது நீயா?

— கேளேன்! மூணு மூப்பர் முன்னாடி ஒரே ஒரு வரி சொன்னா போதும். ‘அன்னைக்கு என் மனசாட்சி தவறிடுச்சு.’ அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னாடியே உன்னைத் திரும்பச் சேத்துடலாம்.

— தவறலையே அண்ணா.

— ஒரு வரிதானே...

— எனக்குப் பல்லு பிடுங்கக் கத்துக்குடுத்த வாத்தியார் செத்துப்போனார். அவங்க மதம் வேற, அவங்க கோயில்ல வச்சுப் பிரார்த்தனை. நான் போய்க் கடைசி வரிசைல உக்காந்து அழுதுட்டு வந்தேன். வேற மதத்துக்காரங்க சாவுக்குப் போறதைப் பத்தி நம்ம புத்தகம் என்ன சொல்லுது?

— அது வந்து...

— நீதானே சின்ன வயசுல என்னை மனப்பாடம் பண்ண வச்சே. சொல்லு.

— ‘போவதும் போகாததும் அவரவர் மனசாட்சிக்கு விடப்படுகிறது.’

— விட்டாச்சு. நான் போனேன். அப்புறம் ஏன் விலக்கினீங்க?

— மனசாட்சின்னா... பக்குவப்பட்ட மனசாட்சியா இருக்கணும் குட்டி.

— பக்குவப்பட்டுடுச்சுன்னு எப்படித் தெரியும்?

— மூப்பருங்க நினைக்கிறதையே அதுவும் நினைக்கும்.

— ஓகோ. பஸ்ஸை விட்டு எங்க வேணாலும் இறங்கிக்கலாம், ஆனா பஸ் நிக்கிறது ஒரே இடத்துல.

— உன் வாய் இருக்கே!

— என் வாயை விடு. அன்னைக்கு அந்த ரூம்ல மூணு பேர் உக்காந்திருந்தீங்க. ஒருத்தர் என் குத்தத்தை வாசிச்சார். பெரிய மூப்பர் கீழ குனிஞ்சு மேசையையே பாத்துட்டிருந்தார். நீ வாயே திறக்கலை. இன்னைக்குத்தான் திறந்திருக்க. அதுவும் நான் திறக்கச் சொன்னதால. கோவமாண்ணா?

— இல்ல. அன்னைக்கே எனக்கு மனசு ஒப்பலை.

— அப்புறம் ஏன் விலக்கலாம்னு கையைத் தூக்கினே?

— பெரிய மூப்பர் தூக்கினார். பாத்தேன்... நானும் தூக்கிட்டேன். அப்புறம் ஒரு நாள் மார்க்கெட்ல நீ எதிர்ல வந்தே. நான்...

— காய்கறிக் கடைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டே. பாத்தேன்.

— பாத்தியா?

— உனக்குக் கத்தரிக்காயே ஆகாது. அதைத் தடவித் தடவிப் பாத்துட்டு நின்னே. எனக்கு முதல்ல அழுகைதான் வந்துச்சு. வீட்டுக்குப் போனப்புறம் நினைச்சு நினைச்சு சிரிச்சேன்.

— எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கலை குட்டி. ஒரே ஒரு தங்கச்சி... கத்தரிக்காய்க்குப் பின்னாடி ஒளியுறேன். வெக்கமா இருந்துச்சு.

— வெக்கமா இருந்துச்சுன்னா கல்யாணத்துக்குக் கூப்பிடு. மன்னிப்பும் கேக்க மாட்டேன், ஓரமாவும் நிக்க மாட்டேன். பொண்ணோட அத்தையா முன்னாடி வந்து உக்காருவேன்.

— நான் இப்பவே கூப்பிட்டுடுவேன். அவர் இருக்காரே! வேற மதத்துக் கோயில்ல லைட் போட்டுக் குடுத்தான்னு பெத்த பையனையே விலக்கினவர். வயரிங் வேலை பாக்கிறவன் அவன், கூப்பிட்டா போகாம இருப்பானா? பெட்டியோட வாசல்ல வந்து நின்னவனை உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லலை. அப்பேர்ப்பட்டவர் உன்னை மண்டபத்துல பாத்தா எந்திரிச்சுப் போயிடுவார். அவர் எந்திரிச்சா சபையே எந்திரிக்கும். எம் பொண்ணு காலி நாற்காலிங்க முன்னாடி நிப்பா.

— எந்திரிப்பாரான்னு அவர்கிட்ட கேட்டியா?

— கேக்கிற விஷயமா அது? தெரிஞ்ச விஷயம். இன்னைக்குக் கூட யாராவது சின்னவங்களைத் துணைக்கு அனுப்பச் சொன்னேன். ‘நானே வர்றேன்’னு செருப்பை மாட்டிட்டார். எம் மேல அவ்வளவு சந்தேகம்.

— சரி. நானே கேக்கிறேன். அவரை உள்ள அனுப்பு.

— ஐயையோ! அவருக்குப் பல்வலி இல்லையே!

— துணைக்கு வந்தவங்களுக்கும் ஒரு தடவை பாத்து அனுப்புறது எங்க வழக்கம். எங்கயும் எழுதி வைக்கலை.

— குட்டி, வேண்டாம். கையெடுத்துக் கும்பிடுறேன். எம் பேர் அடிபட்டா...

— இந்தப் பஞ்சைக் கடிச்சுக்கோ. நல்லாக் கடி. இனி நீ பேச வேண்டியதில்ல, நான் பாத்துக்கிறேன்.

— ம்ம்! ம்ம்ம்ம்!

— அண்ணா, போ... ஐயா! வாங்க, உள்ள வாங்க!

— நானாம்மா? எனக்கு ஒண்ணும் இல்லையே.

— சும்மா ஒரு பார்வைதான். உக்காருங்க. நாற்காலி பின்னால சாயும், பயப்படாதீங்க.

— உங்க அண்ணன் வாயைப் பொத்திக்கிட்டுப் போறாரே. பிடுங்கிட்டியா?

— பஞ்சு வச்சிருக்கேன். வாயைத் திறங்க... ஆகா. இந்த வயசுல இப்படி ஒரு பல் வரிசையை நான் பாத்ததே இல்ல. ஐயா, சுத்தி வளைக்காம உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எங்க அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கு நான்...

— ஆ... ஆ...

— சொல்லுங்க.

— கதவு சாத்தியிருக்காம்மா?

— சாத்தித்தான் இருக்கு. ஏன்?

— முன்னாடி சத்தமா ஒண்ணு ஓடிச்சே, அந்த மெஷின்... அதைப் போடேன்.

— ...போட்டாச்சு.

— எம் பையன் உன்கிட்ட வந்துட்டுப் போனான்னு கேள்விப்பட்டேன்.

— போன வாரம் வந்தான். ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்தேன்.

— வலிச்சுதா அவனுக்கு?

— லேசா.

— ஊசியைக் கண்டாலே அலறுவான். என் சட்டையைப் பிடிச்சுக்குவான்... விடவே மாட்டான். யார் கூட வந்தான்?

— தனியாத்தான் வந்தான்.

— தனியாவா... இளைச்சுட்டானா?

— நல்லா இருக்கான் ஐயா. அழாதீங்க, வாயில பல் பாக்கிற கண்ணாடி இருக்கு. நீங்களே அவனை விலக்கிட்டு இப்படி...

— என் இஷ்டத்துக்கா விலக்கினேன்? எதிர்ல உங்க அண்ணன் உக்காந்திருந்தார். மூஞ்சி கல்லு மாதிரி இருந்துச்சு. பெத்த பிள்ளைக்குச் சலுகை காட்டுறேன்னு நினைச்சுடுவாரேன்னு கையைத் தூக்கிட்டேன். அப்புறம் உன் விஷயம் வந்துச்சு. சொந்தத் தங்கச்சி குத்தத்தை வாசிக்க வாசிக்க வாயே திறக்காம இருந்த மனுஷன். அவர் முன்னாடி உனக்காக நான் எப்படிம்மா பேச முடியும்?

— அப்போ நான் கல்யாணத்துக்கு வந்தா நீங்க எந்திரிச்சுப் போயிட மாட்டீங்க?

— நீ வந்தா, எம் பையனையும் கையோட கூட்டிட்டு வருவியான்னு கேக்கத்தான் நானே துணைக்குக் கிளம்பி வந்தேன். போன தடவையும் அதுக்குத்தான் வந்தேன், வாய் வரலை. ஆனா உங்க அண்ணன் ஒத்துக்க மாட்டார். மெதுவாப் பேசும்மா... ரொம்பக் கண்டிப்பான ஆளு, வெளியதான் இருக்கார்.

— ஐயா, இந்த மெஷினை நிறுத்தப் போறேன்.

— வேண்டாம்மா! கேட்டுடும்!

— நல்லாக் கேக்கட்டும். அண்ணா! பஞ்சைத் துப்பிட்டு உள்ள வா. இவருக்கும் பல்லுல ஒண்ணும் இல்ல!