தடித்த கோடு

உங்கள் மூக்குக்கண்ணாடி வலது பக்கம் லேசாக இறங்கியிருக்கிறது. காதில் மாட்டும் கம்பியைக் கொஞ்சம் வளைத்தால் சரியாகிவிடும். இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடிக் கடை நடத்துகிறேன். கோணலாக எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது.

நான்கு நாள் முன்பு விபத்து என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டீர்கள். மறுபடியும் வந்து உங்களுக்கு வேலை வைப்பதற்கு மன்னியுங்கள். அதில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். அந்த வரிக்கு வருவதற்கு முன் கொஞ்சம் பறவைகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

வைரி என்று ஒன்று உண்டு. புறா அளவுள்ள சின்னப் பருந்து. உங்கள் காவல் நிலையத்துக் கூரையிலேயே உட்கார்ந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அதன் உறவுக்காரப் பறவை காட்டு வைரி. அடர்ந்த காட்டை விட்டு லேசில் வெளியே வராது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிரித்துச் சொல்ல நாங்கள் தொண்டையைப் பார்ப்போம். வைரிக்கு நடுவில் பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கோடு. காட்டு வைரிக்கு மை தொட்டு இழுத்த மாதிரி தடித்த கோடு.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் ஒரு காட்டு வைரியைப் படமெடுத்தேன். இந்த வட்டாரத்துப் பறவைப் பட்டியலில் அதற்கு இருப்பது அந்த ஒரே பதிவு. எதிரில் என் பெயர். அதற்குப் பிறகு, மாதக் கடைசியில் கூடும் பறவை பார்ப்பவர்கள் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "காட்டு வைரி வந்தாச்சா?" என்பார்கள். கடைக்கு வருகிறவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. மனைவி போன பிறகு வீட்டில் என்னைக் கூப்பிட ஆளில்லை. நாள் முழுக்க என் காதில் விழும் ஒரே அழைப்பு அதுதான்.

இறந்தவர் என் தங்கையின் கணவர். வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. இந்தக் கிறுக்கை அவருக்கு ஒட்டவைத்தவன் நான். ஊர் ஓரத்தில் பயன்பாட்டில் இல்லாத அந்த உயரமான தண்ணீர்த் தொட்டியின் சாவி அவரிடம் இருந்தது. வலசைக் காலத்தில் ஞாயிறுதோறும் அதன் உச்சியில் நின்று, கடந்துபோகும் பருந்துகளை எண்ணுவோம்.

"பருந்துக்குப் பசி எடுத்தா கோழிக்குஞ்சை விட்டுட்டு உங்க ரெண்டு பேரையும்தான் தூக்கும்" என்பாள் தங்கை.

"உன் புருஷனைத் தூக்க நாலு பருந்து வேணும்மா" என்பேன். மச்சான் தொப்பையைத் தட்டிக் காட்டுவார்.

தொட்டியின் ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி துருப்பிடித்து விழுந்துவிட்டது. அண்ணாந்து பார்ப்பவனுக்குத் தன் கால் எங்கே போகிறது என்று தெரியாது. பறவை நேர் உச்சிக்கு வந்தால் உடம்பு தானாகப் பின்னால் நகரும். அதனால் ஒரு விதி வைத்தேன். ஒருவர் தொலைநோக்கியில் பார்க்கும்போது மற்றவர் பக்கத்தில் நின்று, இடது கையால் அவர் பெல்ட்டைப் பின்புறம் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். நோட்டை ஓர் அட்டையில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வலது கையாலேயே எழுதிவிடலாம். அட்டையும் நான் செய்ததுதான். கண்ணில் தொலைநோக்கியை வைக்கும் முன் மச்சான் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

ஒன்பது வருடம்.

மூன்று வாரத்துக்கு முன் என் அலமாரியில் பழைய படங்களை அடுக்கித்தர வந்தவர் கையில் ஒரு படம் சிக்கியது. அதே நாள், அதே கிளை, அதே பறவை. நான் யாருக்கும் காட்டாத அடுத்த படம். அதில் பறவை ஓரடி தள்ளி உட்கார்ந்திருந்தது. தடித்த கோடு மட்டும் அதோடு போகவில்லை, பழைய இடத்திலேயே கிளையின் மேல் கிடந்தது. அது ஒரு சுள்ளியின் நிழல். தொண்டையில் இருந்தது பென்சில் கோடு.

அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது உனக்குத் தெரியுமா மச்சான்?"

தெரியும் என்றேன். படம் கைக்கு வந்த அன்றே தெரியும்.

அவர் கோபப்படவில்லை. "மாசக் கடைசிக் கூட்டத்துல நீயே சொல்லிடு. நான் சொன்னா நல்லா இருக்காது. ஒரு வாரம் சிரிப்பாங்க, அப்புறம் விட்டுடுவாங்க."

"சொல்லலைன்னா?"

"சொல்லுவே. உன்னை எனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னதில் எனக்குப் பிடிக்காமல் போனது அந்தக் கடைசி வார்த்தைதான் என்று நினைக்கிறேன்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. போன ஞாயிறு காலை பத்து மணிக்குள் பதினேழு பருந்துகளை எழுதியிருந்தேன். பிறகு வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

"மச்சான், உச்சியில பாரு. வைரி மாதிரி இருக்கு. ஆனா கழுத்துக் கோடு தடியா தெரியுது" என்றேன்.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

தேடினார். "எங்க? வெயில் கண்ணைக் குத்துது."

"சூரியனுக்கு இடது பக்கம். ரெண்டடி பின்னால வா."

வந்தார். குதிகால் விளிம்பில் இருந்தது. உடம்பு பின்னால் சாய்ந்து, அவர் எடை முழுதும் என் இடது கையில் இருந்தது.

இதற்கு அடுத்த வரியைத்தான் திருத்த வேண்டும். "குறிப்பு எழுதுவதற்காகக் கையை எடுத்தேன், அப்போது கால் தவறிவிட்டார்" என்று கொடுத்திருக்கிறேன். எழுத ஒரு கை போதாதா என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நான்கு நாளும் அது நிஜம் என்றே இருந்தேன். என்ன, கடையில் லென்ஸை எடுக்க இடது கையை நீட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இன்று காலை தங்கை கடைக்கு வந்தாள். எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள். "ஏன் அண்ணா இப்படிப் பட்டினி கிடக்கே? நீ வேணும்னா விட்டே? எழுதத்தானே கையை எடுத்தே?" என்று என் தலையைத் தடவினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "அவரு கடைசியா என்ன பாத்தாரு? நோட்டைக் காட்டேன். அந்தப் பேரையாவது நான் வச்சுக்கறேன்."

வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நேராக இங்கே வந்தேன். நோட்டு என் பையிலேயே இருந்தது. இதோ, பதினேழாவது வரிக்குக் கீழே பாருங்கள். ஒன்றும் இல்லை. பென்சில் அட்டையின் வளையத்தை விட்டு வெளியே வரவே இல்லை.

வானத்திலும் ஒன்றும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பின்னால் வந்து நின்ற மச்சான் அந்தக் காலி வானத்தை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொலைநோக்கியை இறக்காமலே, எல்லாம் புரிந்தவராக, காய்ச்சல்காரனிடம் பேசுவது போல மெதுவாகச் சொன்னார்.

"ஆமா மச்சான், தெரியுது. தடிக் கோடுதான். ரெண்டு பேரும் பாத்தோம்னு எழுதிக்கோ. இனி அந்தப் பழைய படம் எதுக்கு?"

அதைக் கேட்ட பிறகுதான் கையை எடுத்தேன்.